மூன்றெழுத்து 'கெட்': பெங்களூருக்கு வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரு அலுவலகங்களில் புதிதாகச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரிய ஆங்கிலச் சொற்களைப் பார்த்து அவ்வளவாகத் திணறுவதில்லை. டிப்ளாய்மெண்ட், டிப்பெண்டன்சி, எஸ்கலேஷன் எல்லாம் இரண்டாவது வாரத்திலேயே வாய்க்கு வந்துவிடும். திணறடிப்பவை சின்னச் சொற்கள்தான். அதிலும் கெட் (get) என்ற வினை இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் தலைமை.

சாதாரணமான ஒரு காலை மீட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். "லெட்ஸ் கெட் ஸ்டார்ட்டட்" என்று மேனேஜர் ஆரம்பிப்பார். "ஐ ஆம் கெட்டிங் அன் எர்ரர்" என்பார் ஒருவர். "டிட் யூ கெட் இட் ரிவ்யூட்?" என்று கேள்வி வரும். "ஐ வில் கெட் பேக் டு யூ" என்று பதில் வரும். "இட்ஸ் கெட்டிங் லேட்" என்று சொல்லிக் கலைந்துபோவார்கள். தொடங்குவது, வருவது, செய்யவைப்பது, பிறகு பதில் சொல்வது, நேரம் ஆவது என்று நமக்கு ஐந்து வினைகள் தேவைப்படுகிற இடத்தில் அவர்களுக்கு ஒன்றே போதுகிறது. 'கெட் என்றால் பெறு' என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவர், இதில் எதைப் பெறுவது என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அகராதியைத் திறந்து எல்லா அர்த்தங்களையும் மனப்பாடம் பண்ணிவிடலாம் என்று இறங்காதீர்கள். பெரிய அகராதிகளில் இந்த ஒரு சொல் பக்கம் பக்கமாகப் போகும். அதற்குப் பதில் ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கெட் காதில் விழுந்ததும் அதிலேயே நிற்காமல், அடுத்து என்ன வருகிறது என்று கேளுங்கள். அர்த்தம் அந்த அடுத்த சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதல் படி: அடுத்த சொல் என்ன?

அடுத்து வருவது ஒரு பொருள் என்றால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. "ஐ காட் எ ரூம் இன் மடிவாளா" என்றால் ரூம் கிடைத்துவிட்டது (காட் என்பது கெட்டின் இறந்தகால வடிவம்). "கெட் மீ எ காபி" என்றால் வாங்கிக்கொண்டு வா. இதில் பெரிய சிக்கல் இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். போன் அடிக்கும்போதோ கதவைத் தட்டும்போதோ வெளிநாட்டுக்காரர் "கேன் யூ கெட் தட்?" என்றால், போய் எடு, திற என்று அர்த்தம்.

தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் ஆகுதல். காட் டயர்ட், காட் ஆங்ரி, கெட்டிங் லேட், கெட்டிங் பெட்டர். கல்யாணம் ஆனதும் 'காட் மேரிட்'தான். "ஷி காட் மேரிட் டு எ டாக்டர்" என்று வரும். நாம் 'டாக்டரோடு' என்று நினைத்துக்கொண்டு 'வித்' போடுவோம், போடக் கூடாது.

இடம் வந்தால் போய்ச் சேர்தல். "ஹவ் டு ஐ கெட் டு இந்திராநகர்?" சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டு மெசேஜ் போடும்போது "ஐ வில் கெட் தேர் பை டென்" என்று போடுங்கள். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' வராது.

'இட்', 'தட்' வந்தால், பேசுகிற சூழலைப் பொறுத்து, புரிதல். "காட் இட்" என்றால் புரிந்தது. இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் சொல்லும் இரண்டு வாக்கியங்களைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். ஒன்று, "ஐ டிட்ன்ட் கெட் யூ." பெங்களூருவில் எல்லோரும் சொல்வார்கள், எல்லோருக்கும் புரியும். ஆனால் லண்டனிலோ டல்லஸிலோ உட்கார்ந்திருப்பவருக்கு அது லேசாக இடறும். "ஐ டிட்ன்ட் கெட் தட்" என்றால் உறுத்தாது. ஏனென்றால் 'கெட் யூ' என்பதற்கு அவர்கள் ஊரில் 'உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று கறுவுகிற அர்த்தமும் உண்டு. இரண்டாவது, "ஐ ஆம் நாட் கெட்டிங்." புரியவில்லை என்பது அப்போது நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை, ஒரு நிலை. அதனால் "ஐ டோன்ட் கெட் இட்" என்பதே சரி. ஆனால் "ஐ ஆம் கெட்டிங் அன் எர்ரர்" தாராளமாகச் சொல்லலாம். எர்ரர் நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறது!

இந்தப் 'புரிதல்' அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தமிழிலேயே விடை இருக்கிறது. 'கணக்கு எனக்குப் பிடிபடவில்லை' என்கிறோம். கையில் பிடிப்பதும் மனத்தில் பிடிப்பதும் நமக்கும் ஒரே வினைதான். அவர்களுக்கும் அப்படியே. கெட்டின் அடி அர்த்தமே 'பிடி' என்பதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

கன்னடமும் கொஞ்சம் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரூம் கிடைத்ததா என்பதற்குக் கன்னடத்தில் "ரூம் சிக்தா?" புரிந்ததா என்பதற்கு "கொத்தாய்த்தா?" லேட் ஆகிவிட்டது என்பதற்கு "லேட் ஆய்த்து." ஆங்கிலத்தில் மூன்றுக்கும் கெட் போதும், கன்னடம் நம்மைப் போலவே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. இந்தக் 'கொத்து' இருக்கிறதே, அதன் முதல் எழுத்தைக் 'கங்கை'யின் முதல் எழுத்துபோல மெதுவாக ஒலிக்க வேண்டும். ஆட்டோக்காரர் "கொத்தா?" என்று கேட்டால் 'தெரியுமா' என்கிறார். வேகமாகப் பேசும் அமெரிக்கர் "காட்டா" என்றால் 'செய்தே ஆக வேண்டும்' என்கிறார். காதுக்கு இரண்டும் பங்காளிகள்போல இருந்தாலும் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது படி: வேலையைச் செய்தது யார்?

தமிழ்க்காரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. அதனால் இங்கே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

'முடி வெட்டினேன்' என்கிறோம். வெட்டியது சலூன்காரர். 'ஊரில் வீடு கட்டினேன்' என்கிறோம். கட்டியது கொத்தனார். 'பைக்கை ரிப்பேர் பண்ணினேன்' என்றால் மெக்கானிக்கிடம் விட்டு எடுத்தேன் என்று கேட்பவருக்குத் தானே புரிந்துவிடும். ஆங்கிலத்தில் புரியாது. "ஐ கட் மை ஹேர்" என்றால் நீங்களே கத்தரிக்கோல் எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்றதாக அர்த்தம். "ஐ காட் மை ஹேர் கட்" என்று சொன்னால்தான் வேறொருவர் வெட்டியது.

ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) கீசர் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும். "ப்ளீஸ் ரிப்பேர் த கீசர்" என்றால் அவரே ஸ்க்ரூடிரைவரோடு வரச் சொல்கிறீர்கள். "ப்ளீஸ் கெட் த கீசர் ரிப்பேர்ட்" என்றால் ஆளை விட்டுச் சரிசெய்து கொடுங்கள் என்று ஆகும். யாரை விட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டுமானால், "கெட் த எலக்ட்ரிஷியன் டு ரிப்பேர் இட்." இந்த இரண்டு அமைப்பையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பொருள் முதலில் வந்தால் அதற்குப் பின்னால் ரிப்பேர்ட், டன், செக்ட், அப்ரூவ்ட் மாதிரி முடிந்துபோன வடிவம் வரும். ஆள் முதலில் வந்தால் 'டு' போட்டுச் சாதாரண வினை வரும். 'மேக்' என்ற வினைக்கு இந்த 'டு' கிடையாது: "மேக் ஹிம் சைன்", ஆனால் "கெட் ஹிம் டு சைன்." அர்த்தத்திலும் வேறுபாடு இருக்கிறது. மேக் என்றால் கட்டாயப்படுத்துவது. கெட் என்றால் பேசியோ கெஞ்சியோ தாஜா பண்ணியோ செய்யவைப்பது. மேனேஜரிடம் கையெழுத்து வாங்கும்போது இரண்டாவதுதான் நடக்கும், அதனால் அந்த வினைதான் பொருந்தும்.

மூன்றாவது படி: 'காட்'டும் கெட்ட செய்தியும்

காட்டுக்குப் பின்னால் நேராக முடிந்துபோன வடிவம் வந்தால் அது செயப்பாட்டு வினை. "மை பைக் காட் டோட்" என்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "ஹி காட் ஃபயர்ட்" என்றால் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் "த பில்டிங் காட் பில்ட் இன் 1956" என்று யாரும் பேசமாட்டார்கள். அதற்கு 'வாஸ்' தான். ஒருவர் தலையில் வந்து விழுந்த சம்பவம், பெரும்பாலும் துன்பம், சில சமயம் 'காட் ப்ரமோட்டட்' மாதிரி அதிர்ஷ்டம், இவற்றுக்கே இந்த அமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது.

தமிழிலும் இதே விஷயம் இருக்கிறது. அடிபட்டான், மிதிபட்டான் என்பதில் வரும் 'படு' துன்பத்தை அனுபவிப்பதுதான். அதைவிட வேடிக்கை, நம்மிடம் அசல் கெட் செயப்பாட்டு வினையும் உண்டு: 'விழா நடத்தப்பெறும்', 'அழைக்கப்பெற்றார்'. பெறு என்ற வினையையே நாமும் போடுகிறோம். ஆனால் நிலைமை தலைகீழ். தமிழில் 'பெறும்' போட்டால் அழைப்பிதழ் மொழி, பட்டு வேட்டி கட்டிய நடை. ஆங்கிலத்தில் 'காட்' போட்டால் லுங்கியில் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நடை. அதனால் மெயிலில் "மை ரிக்வெஸ்ட் காட் ரிஜெக்டட்" என்பதைவிட "வாஸ் ரிஜெக்டட்" நல்லது. சாட்டில் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள்.

இன்னொரு இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். "ஐ காட் டு மீட் த கிளையண்ட்" என்றால் கிளையண்டைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது, சந்தோஷம். "ஐ ஹேவ் காட் டு மீட் த கிளையண்ட்" என்றால் பார்த்தே தீர வேண்டும், வேறு வழியில்லை. பேச்சில் அந்த 'ஹேவ்' வெறும் 'வ்' ஆகச் சுருங்கி, பல சமயம் முழுசாகவே விழுங்கப்பட்டுவிடும். நடந்துமுடிந்த கதையைச் சொல்கிறாரா, இனிமேல் செய்யப்போவதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது படி: வேர் தெரிந்தால் மறக்காது

கெட் ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்த சொல். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைக் கொள்ளையடித்த வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், அதற்குப் பிறகு இங்கிலாந்தை விடவில்லை. அடுத்த நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தோடு குடியேறியும் விட்டார்கள். கொள்ளைக்காரன் பக்கத்து வீட்டுக்காரன் ஆனபோது அவன் சொற்களும் ஆங்கிலத்துக்குள் வந்தன: டேக், ஸ்கை, எக், விண்டோ, நைஃப், 'அவர்கள்' என்ற தே. அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான் அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'கெட்டா'. 1200ஐ ஒட்டிய காலத்தில் அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது.

அதற்கு முன்பும் ஆங்கிலத்தில் அதே குடும்பத்து வினை ஒன்று இருந்தது. ஆனால் பெரும்பாலும் முன்னொட்டோடு சேர்ந்துதான் வரும், 'ய' ஒலியோடுதான் சொல்வார்கள். ஃபர்கெட், பிகெட் இரண்டும் அந்தப் பழைய வீட்டுப் பிள்ளைகள். ஃபர்கெட்டில் முன்னொட்டு 'கைவிட்டுப் போவதை'க் குறிக்கிறது. பிடித்திருந்தது நழுவிப்போனால் மறதி. பிகெட் என்றால் பிள்ளை பெறுவது. விவிலியத்தில் மத்தேயுவின் முதல் அதிகாரத்து வம்ச வரிசை 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் முழுக்க இந்த வினையில்தான் ஓடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'பெற்றான்' என்று வரும். கிடைப்பதற்கும் பிள்ளைக்கும் ஒரே வினை என்பது பெற்றோர் என்று சொல்லும் நமக்குப் புதிதில்லையே.

இன்னும் ஆழமாகப் போனால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலத்தில் 'பிடி, கைப்பற்று' என்ற பொருளுள்ள ஒரு வேர். அதே வேர்தான் லத்தீனுக்குப் போய், பிடிப்பதைக் குறிக்கும் 'ப்ரெஹெண்டெரே' என்ற வினையின் பிற்பகுதி ஆனது. புரிந்துகொள்வதைக் குறிக்கும் காம்ப்ரிஹெண்ட் அங்கிருந்து வந்தது. ப்ரிசன் என்ற சிறைச்சாலையும் அங்கிருந்தே. 'ஹெண்ட்' எப்படிக் 'கெட்' ஆகும் என்று தோன்றலாம். லத்தீனில் ஹ வரும் சில இடங்களில் ஆங்கிலக் குடும்பத்தில் க வரும், லத்தீனின் ட மென்மையாக இருக்கும் இடத்தில் இங்கே வன்மையாக வரும். இந்த ஒலிமாற்ற ஒழுங்கை 1822இல் முறைப்படுத்தி எழுதியவர் யாக்கோப் கிரிம், தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம். ஆக, "டு யூ கெட் இட்?" என்பதும் "டு யூ காம்ப்ரிஹெண்ட்?" என்பதும் ஒரே வேரிலிருந்து இரண்டு வழியாக வந்தவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கிட்டு' என்ற நம் வினைதான் கெட் ஆகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி என்றைக்காவது வரும். கேட்க இனிக்கும். 'கிட்டும்', மலையாளத்துக்காரர்களின் 'கிட்டி' எல்லாம் ஒலியிலும் பொருளிலும் கெட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. ஆனால் மேலே சொன்ன நார்ஸ், லத்தீன் உறவுகள் ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு நிற்கும்போது இது தற்செயலான ஒற்றுமை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டு மட்டும் பண்ண வேண்டாம்.

கணினித் துறைக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்தில் இன்னொரு ஆள் தினமும் பழக்கம். பிகெட்டோடு தொடர்புள்ள 'கெட்' என்ற பெயர்ச்சொல் ஸ்காட்லாந்துப் பக்கம் 'பெற்ற பிள்ளை' என்றிருந்து, முறைதவறிப் பிறந்தவன் என்ற வசையாகத் தேய்ந்து, இங்கிலாந்தில் 'கிட்' என்று ஆனது. ஆகாத ஆள் என்று அர்த்தம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தன் மென்பொருளுக்கு 2005இல் வைத்த பெயர் இதுதான். என் ப்ராஜெக்டுகளுக்கெல்லாம் என் பெயரைத்தான் வைக்கிறேன் என்று அவரே கிண்டலடித்தார். இனி கிட் புஷ் பண்ணும்போது யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்து பண்ணலாம்.

ஐந்தாவது படி: ஏறுவதும் இறங்குவதும்

நின்று நடமாட முடிகிற வண்டி என்றால் கெட் ஆன், கெட் ஆஃப்: பஸ், மெட்ரோ, ரயில், விமானம். பைக்குக்கும் இதுவே. குனிந்து உள்ளே நுழைந்து உட்காரும் வண்டி என்றால் கெட் இன், கெட் அவுட்: கார், ஆட்டோ. 'கெட் டவுன் அட் மெஜஸ்டிக்' என்பது இந்திய ஆங்கிலம், பெங்களூருக்குள் அதில் ஒரு பிழையும் இல்லை. வெளிநாட்டு விருந்தினரைக் காரில் கூட்டிப்போகும்போது மட்டும் "கெட் டவுன்" என்று சொல்லாதீர்கள். குனி, பதுங்கு என்று எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் பார்ப்பார்.

ஆறாவது படி: அலுவலகத்துச் சில்லறைகள்

'ஐ வில் கெட் பேக் டு யூ' என்பதற்கு அகராதி அர்த்தம் பிறகு பதில் சொல்கிறேன் என்பது. அலுவலக அர்த்தம் சொல்பவரைப் பொறுத்தது. தேதி சேர்த்துச் சொன்னால் பதில் வரும். தேதி இல்லாமல் சொன்னால் நீங்களே இரண்டு நாள் கழித்து ஞாபகப்படுத்துங்கள், அதில் தப்பில்லை. நேர்காணல் முடிவில் எச்ஆர் சொல்லும்போது "பை வென் கேன் ஐ எக்ஸ்பெக்ட் டு ஹியர்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுவது என் கட்சி.

கெட் த்ரூ என்றால் தேறுவது, அல்லது போன் லைன் கிடைப்பது. கெட் அலாங் என்றால் ஒத்துப்போவது. கெட் பை என்றால் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. முதல் சம்பளம் வரும்வரை எல்லோரும் செய்வதுதான். கெட் அவே வித் என்றால் தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் போவது. கெட் அரவுண்ட் டு என்றால் இழுத்தடித்து ஒருவழியாக ஒரு வேலைக்கு வந்துசேர்வது. "ஐ ஹேவ்ன்ட் காட்டன் அரவுண்ட் டு இட்" என்று அமெரிக்கர் சொன்னால், இன்னும் தொடவே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் 'காட்டன்' அமெரிக்க வழக்கு. பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டார்கள், ஃபர்காட்டன் மாதிரி சில சொற்களில் மட்டும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். "ஐ ஹேவ் காட் த ஃபைல்" என்றால் ஃபைல் என்னிடம் இருக்கிறது. "ஐ ஹேவ் காட்டன் த ஃபைல்" என்றால் வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் பேசும்போது எது வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் கேட்கும்போது இந்த வேறுபாடு உதவும். கூடவே, அவர்கள் நாக்கில் இரண்டு உயிரொலிக்கு நடுவில் வரும் ட் தேய்ந்துவிடும். 'காட் இட்' என்பது ஏறக்குறைய 'காரிட்' என்று காதில் விழும்.

மெயிலிலும் அப்ரைசல் படிவத்திலும் கெட்டைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். பொருள் வந்து சேர்ந்தால் ரிசீவ், முயன்று வாங்கினால் அப்டெய்ன், ஆவதற்கு பிகம், புரிவதற்கு அண்டர்ஸ்டாண்ட். ஆனால் பேச்சில் இவற்றைப் போட்டு "ஐ ரிசீவ்ட் யுவர் பாயிண்ட்" என்றெல்லாம் ஆரம்பித்தால் மனுக் கொடுக்க வந்தவர்போல இருக்கும். அங்கே "காட் இட்" போதும். நிஜமாகவே புரிந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். புரியாமல் சொன்னால் அரை மணி நேரத்தில் உங்கள் டெஸ்க்குக்கே வந்து கேட்பார்கள்.